தம்பியிடம் 2 கிராம் ஹெரோயின் என்று எழுதியிருக்கிறார்கள், இனி என்ன நடக்கும்?

பாலையூற்று அக்கா (கேள்வி, சனிக்கிழமை இரவு)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே இதுவரை தையல் பகுதியில் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். தெரிந்தவர்கள் தயவுசெய்து பதில் சொல்லுங்கள்.

என் தம்பிக்கு 24 வயது. அப்பா கடற்றொழில் செய்தவர், தம்பி பத்தாம் வகுப்பு படிக்கும்போது காலமாகிவிட்டார். அம்மாவுக்குச் சீனி வருத்தம், கண் பார்வையும் குறைவு. நான் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறேன். தம்பி ஆட்டோ ஓட்டுகிறான். திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்கு வரும் வெள்ளைக்காரர்களைக் கோணேசர் கோவிலுக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் கூட்டிப் போவான். ஆட்டோ என் பெயரில் லீசிங்கில் எடுத்தது. இன்னும் 19 மாதத் தவணை கட்ட வேண்டும்.

கடந்த செவ்வாய் மாலை 6 மணியளவில் அநுராதபுரச் சந்திக்குக் கிட்ட ஆட்டோவை மறித்துச் சோதித்திருக்கிறார்கள். சீட்டுக்குக் கீழே பொலித்தீனில் கட்டிய ஒரு பொட்டலமும் சில சரைகளும், அதாவது சின்னச் சின்னப் பொட்டலங்களும், இருந்தனவாம். ஏதோ ஒரு நகைக்கடைத் தராசில் நிறுத்துவிட்டு 2 கிராம் 340 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறார்கள். புதன்கிழமை நீதவான் முன்னால் நிறுத்தி 14 நாள் விளக்கமறியல். அன்று மத்தியானமே பேஸ்புக்கில் 'ஹெரோயினுடன் இளைஞர் கைது' என்று முகத்தை மறைக்காத படத்தோடு போட்டுவிட்டார்கள்.

அதற்குக் கீழே ஒருவர் "2 கிராமுக்கு மேல் என்றால் தூக்குத்தான்" என்று எழுதியிருந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளை அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டது. அன்றிலிருந்து அம்மா சோறு தொடவில்லை. இது உண்மையா? 2 கிராமுக்குத் தூக்கா?

அவன் தூள் பாவிக்கிறான் என்பது எனக்கு ஒரு வருடமாகத் தெரியும். முதலில் குளியலறையில் கருகிய வெள்ளித்தாள் கண்டேன். பிறகு அவன் சட்டையில் வினாகிரி மாதிரி ஒரு வாடை. கேட்டால் சத்தியம் பண்ணுவான், பிறகு அழுவான். அவன் விற்கிறவன் இல்லை. ஆனால் எனக்குத் தெரியாமல் என்ன நடந்தது என்று என்னால் அடித்துச் சொல்லவும் முடியவில்லை.

இன்னொன்று. பொலிஸில் அவனிடம் வாக்குமூலம் எடுத்திருக்கிறார்கள். மூன்று பக்கம், சிங்களத்தில். அவனுக்கு ரோட்டில் பேசும் அளவுக்குச் சிங்களம் தெரியும், வாசிக்கத் தெரியாது. கையெழுத்துப் போட்டுவிட்டான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஒன்றரை இலட்சம் கொடுத்தால் கிராமைக் குறைத்து எழுத வைக்கலாம், பிறகு குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டம் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்கிறார். என் இரண்டு வளையலையும் அடகு வைத்தால் அந்தக் காசு வரும். திங்கட்கிழமைக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார். கொடுக்கலாமா?

புதன்கிழமை நான் அவனைத் தூரத்தில்தான் பார்த்தேன். மூக்கு ஒழுகி, உடம்பெல்லாம் நடுங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி நின்றான். கூட வந்தவர் "நடிக்கிறான்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அவன் நடிக்கவில்லை. அதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

ஓய்வுபெற்ற முதலியார் (பதில்)

தங்கச்சி, முதலில் அந்த மனிதனுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வளையலை அடகு வைக்கத்தான் வேண்டும் என்றால் சட்டத்தரணிக்காக வையுங்கள். நான் நீதிமன்றத்தில் 31 வருடம் முதலியாராக, அதாவது உரைபெயர்ப்பாளராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், சட்டத்தரணி இல்லை. கண்டதையும் அறிந்ததையும் சொல்கிறேன். நீங்கள் அமர்த்தப் போகும் சட்டத்தரணியிடம் இவற்றைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

தூக்கு பற்றி. நம் நாட்டில் இந்த வழக்குகள் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நச்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. 1984இல் 13ஆம் இலக்கச் சட்டத்தால் அதில் 54ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2 கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை என்பது அங்கிருந்துதான் வருகிறது. விற்றாலும் வைத்திருந்தாலும் அந்த அளவு ஒன்றுதான். "நான் எனக்காகத்தான் வைத்திருந்தேன்" என்ற பேச்சு 2 கிராமைத் தாண்டினால் எடுபடாது. இதை உங்களிடம் மறைத்துப் பயனில்லை.

ஆனால் அந்த 2 கிராம் எது என்பதுதான் முழு வழக்குமே. நகைக்கடைத் தராசில் நிறுத்தது மொத்தத் தூள். தெருவில் ஓடும் தூளில் என்னென்னவோ கலந்திருக்கும். சான்றுப்பொருள் முத்திரையிடப்பட்டு அரச இரசாயனப் பகுப்பாய்வாளருக்குப் போகும். அவர்கள் அதற்குள் சுத்தமான ஹெரோயின் எவ்வளவு என்று பிரித்து அறிக்கை தருவார்கள். குற்றப்பத்திரிகை அந்தச் சுத்த அளவை வைத்துத்தான் எழுதப்படும். நான் கையில் எடுத்துக் கோவையில் சேர்த்த அறிக்கைகள் எத்தனையோ. நிறுத்த எடை முழுவதும் ஹெரோயினாகத் திரும்பி வந்த ஒன்றையும் நான் கண்டதில்லை. பாதி வரும், மூன்றில் ஒன்று வரும், சில வேளை அதற்கும் குறைவாக வரும். உங்கள் தம்பியின் 2 கிராம் 340 அப்படிக் குறைந்து 2 கிராமுக்குக் கீழே போனால் மரண தண்டனை என்ற பேச்சே வழக்கில் இருக்காது. அதற்குக் கீழே அளவுக்கேற்பச் சிறையும் அபராதமும்தான். அதுவும் சின்ன விஷயம் இல்லைத்தான். ஆனாலும் அம்மாவிடம் போய் இதைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுச் சோறு கொடுங்கள். இன்னொன்றையும் சொல்லுங்கள். இலங்கையில் கடைசியாக ஒருவரைத் தூக்கிலிட்டது 1976 ஜூனில். 2019இல் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருள் கைதிகள் நான்கு பேரின் ஆணையில் கையெழுத்திட்டார், உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்) அதையும் தடுத்து நிறுத்தியது. தீர்ப்பில் மரண தண்டனை எழுதப்படுகிறது, ஆட்கள் சிறையிலேயே கிடக்கிறார்கள்.

இப்போது அந்த மனிதன் சொன்னதை எடுத்துப் பாருங்கள். கிராமைக் குறைத்து எழுத வைக்கிறாராம். எடை ஏற்கனவே எழுதி நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது. சுத்த அளவைச் சொல்லப் போவது ஆய்வுகூடம். அது தானாகக் குறைந்து வந்தால் "நான்தான் குறைத்தேன்" என்று மறுபடியும் வந்து நிற்பார். இப்படி வளையலையும் காணியையும் இழந்த தாய்மாரை நான் நீதிமன்ற வாசலிலேயே பார்த்திருக்கிறேன். திரும்பவும் வந்தால் 1954க்கு, அதாவது இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்குச் சொல்லப் போகிறேன் என்று சொல்லுங்கள்.

பிணை. 54ஏ பிரிவில் போட்டிருந்தால் நீதவானால் பிணை கொடுக்க முடியாது. அவரைக் குறை சொல்ல வேண்டாம், சட்டம் அவர் கையைக் கட்டியிருக்கிறது. மேல் நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டும். அங்கேயும் விசேட காரணங்கள் காட்டினால்தான் கிடைக்கும். 2022இல் 41ஆம் இலக்கத் திருத்தம் வந்த பிறகு, சுத்த அளவு 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். உங்கள் தம்பி அந்தக் கணக்கில் இல்லை. விசேட காரணம் எது என்று சட்டம் பட்டியல் போடவில்லை, ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாகத்தான் பார்ப்பார்கள். சுத்த அளவு குறைவாக இருப்பது, குற்றப்பத்திரிகை வராமல் மாதக்கணக்காக இழுபடுவது, கடுமையான நோய் இவற்றையெல்லாம் சட்டத்தரணிகள் முன்வைப்பதைக் கேட்டிருக்கிறேன். ஆகவே முதல் வேலை பகுப்பாய்வு அறிக்கையைத் துரத்துவது. ஒவ்வொரு வழக்குத் தவணையிலும் உங்கள் சட்டத்தரணி எழுந்து "அறிக்கை எங்கே" என்று கேட்க வேண்டும். கேட்காத வழக்கு தூங்கும்.

சிங்கள வாக்குமூலம் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை அவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று சான்றுக் கட்டளைச் சட்டம் 25ஆம் பிரிவு சொல்கிறது. அதற்காக இனிமேலும் கையெழுத்துப் போடலாம் என்று அர்த்தம் இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழ்தான், அது அரசியலமைப்பில் உள்ளது. தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது அவன் உரிமை, யாரும் போடும் பிச்சை இல்லை. அடித்திருந்தாலோ மிரட்டியிருந்தாலோ உடனே சொல்லுங்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் காலம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் (தொலைபேசி 1996) முறைப்பாடு கொடுத்தால், அந்த விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

அவனைப் பார்க்கும்போது இவற்றைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். பொட்டலத்தை ஆட்டோவின் எந்த இடத்தில் எடுத்தார்கள்? எடுத்தது யார்? எந்தக் கடையில் நிறுத்தார்கள், அப்போது அவன் தராசைப் பார்த்தானா? உறையில் போட்டு ஒட்டியது அவன் முன்னாலேயா? ஒட்டிய இடத்தில் அவன் பெருவிரல் அடையாளம் எடுத்தார்களா? பிடித்த இடத்திலிருந்து ஆய்வுகூடம் வரை அந்த உறை யார் யார் கையில் இருந்தது என்பதை அரசதரப்பு கண்ணி கண்ணியாக நிரூபிக்க வேண்டும். எத்தனையோ வழக்குகள் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இல்லாமல் விழுந்திருக்கின்றன. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அவனுக்கு மறந்துவிடும். இப்போதே கேளுங்கள்.

குற்றத்தை ஒத்துக்கொள்வது பற்றி. மில்லிகிராம் கணக்கு வழக்குகள் நீதவான் நீதிமன்றத்தில் "ஓம்" என்று சொல்லித் தண்டத்தோடு முடிவதை நானே எழுதியிருக்கிறேன். அது இந்த வழக்கு இல்லை. மற்றது, அப்படித் தண்டம் கட்டினாலும் அது குற்றத்தீர்ப்புத்தான். நாளைக்குக் கட்டாருக்கோ துபாய்க்கோ போக பொலிஸ் ரிப்போர்ட் எடுக்கும்போது அது வந்து நிற்கும். அறிக்கை வரும் வரை யார் சொன்னாலும் எதையும் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. நீதிமன்றத்தில் யாரைக் கேட்டாலும் இடம் காட்டுவார்கள். வருமானம் பார்த்து எடுப்பார்கள், கிராம சேவகரின் கடிதமும் அடையாள அட்டைப் பிரதியும் கொண்டு போங்கள். ஆட்டோவைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள். குற்றத்துக்குப் பயன்பட்ட வாகனத்தை நீதிமன்றம் அரசுடைமையாக்கலாம். நீங்கள் உரிமையாளர், உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்பதை நீங்களே வந்து நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். லீசிங் புத்தகமும் ரசீதுகளும் பத்திரம்.

கிண்ணியா உம்மா (பதில்)

மகள், நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு நான் இரவு தூங்கவில்லை. என் மகனுக்கும் இதே கதைதான். ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் சட்டம் படித்தவள் இல்லை. பிள்ளை வெளியே வந்த பிறகு நடந்ததை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

என் மகன் நாலரை மாதம் மறியலில் இருந்தான். வரும்போது உடம்பு தேறியிருந்தான், முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. தூள் தொடாமல் நாலரை மாதம். இனிப் பயமில்லை என்று நினைத்தேன். அவனுக்குப் பிடித்த மாசிச் சம்பலும் இடியப்பமும் செய்தேன். அன்று அஸருக்குப் பிறகு பழைய கூட்டாளி ஒருவன் வந்து வாசலில் நின்று பேசிவிட்டுப் போனான். மஃரிபுக்குத் தொழுதுவிட்டு எழும்பினால் மகனைக் காணவில்லை. குளியலறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது, பைப் ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. என் தம்பி வந்து கதவை உடைத்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

பொலிஸ் வந்துவிடும், திரும்பவும் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று பயந்து நாங்கள் யாரையும் கூப்பிடாமல் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடம் இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் 1990க்கு அடித்தது. சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது, காசு இல்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் கொஞ்ச நேரத்தில் கண் திறந்தான். அல்லாஹ் திருப்பித் தந்தான்.

டொக்டர் பிறகு எனக்கு விளங்கப்படுத்தினார். முன்பு அவன் எடுத்த அளவை அவன் உடம்பு பழகி வைத்திருந்தது. நாலரை மாதத்தில் அந்தப் பழக்கம் போய்விட்டது. வெளியே வந்து பழைய அளவையே எடுத்தான், அதை உடம்பால் தாங்க முடியவில்லை. மறியலில் இருந்து வந்த முதல் வாரங்கள்தான் மிக ஆபத்தானவை என்றார். மகள், உங்கள் தம்பி பிணையில் வந்தாலும் விடுதலையாகி வந்தாலும் அன்று அவனைத் தனியே விடாதீர்கள். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி வையுங்கள். போனை அவனிடம் கொடுக்க அவசரப்படாதீர்கள்.

வார்டில் வேலை செய்பவள் (பதில்)

கிண்ணியா உம்மா சொன்னது ஒவ்வொரு சொல்லும் சரி. நான் தாதியாக இருக்கிறேன். அந்த ஊசி நலொக்சோன், ஹெரோயினால் அடங்கிப்போன மூச்சைத் திருப்பும். அது வரும் வரை செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆளை இடது பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், வாந்தி தொண்டையில் அடைக்காது. வாயில் தண்ணீரோ தேத்தண்ணீரோ ஊற்றாதீர்கள். மூச்சு நின்றுவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள்.

அக்கா, புதன்கிழமை நீங்கள் பார்த்த நடுக்கம் நடிப்பு இல்லை. கடைசியாக எடுத்து 6 முதல் 12 மணித்தியாலத்துக்குள் அது தொடங்கும். கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல், கால் குடைச்சல், பிறகு வாந்தியும் வயிற்றோட்டமும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம். ஒரு வாரத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். நீங்கள் எழுதிய சனிக்கிழமை அவன் மிக மோசமான நாட்களைத் தாண்டியிருப்பான். அந்த வேதனையால் உயிர் போவது குறைவு. ஆனால் வாந்தியும் வயிற்றோட்டமுமாக உடம்பில் நீர் வற்றினால் ஆபத்து. சிறைச்சாலை வைத்தியரிடம் காட்டும்படி சட்டத்தரணி மூலம் நீதவானிடம் கேட்கலாம். வாயைத் திறந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று கேளுங்கள். தூளோடு வேறு மாத்திரையும் போட்டானா? தூள் கிடைக்காத நாளில் ட்ரமடோல் போடும் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். அதுவும் அபின் குடும்பம்தான். கூடுதலாகப் போட்டால் வலிப்பு வரும். வைத்தியரிடம் இதை மறைக்கக் கூடாது. வைத்தியரிடம் சொல்வது வேறு, பொலிஸில் சொல்வது வேறு என்று அவனுக்கு விளங்கப்படுத்துங்கள்.

(இதோடு சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தச் செய்திகளைப் பார்த்துவிட்டு, புற்றுநோய் வலிக்கு டொக்டர் எழுதிக் கொடுத்த மோர்பீனை "பொலிஸ் பிடிக்கும், பழகிவிடும்" என்று கொடுக்காமல் வைத்திருக்கும் வீடுகளை நான் பார்க்கிறேன். டொக்டர் எழுதித் தந்த மருந்தை நோயாளிக்குக் கொடுப்பது குற்றம் இல்லை. வலியில் துடிக்க விடாதீர்கள்.)

திருக்கடலூர் தோணி (பதில்)

நான் வேறு மாதிரிச் சொல்லப் போகிறேன், கோபிக்க வேண்டாம் தங்கச்சி. என் அண்ணன் மகன் இந்தத் தூளால் போனான், வயது 19. அவனுக்குச் சரை சரையாக விற்றவனும் "நான் பாவிக்கிறவன், விற்கிறவன் இல்லை" என்றுதான் சொன்னான். சின்னச் சரைகள் தனித்தனியாகக் கட்டியிருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தம்பியிடம் அதைக் கேளுங்கள். நேராகக் கண்ணைப் பார்த்துக் கேளுங்கள். யார் கொடுத்தது, யாருக்குக் கொண்டு போனான் என்று. அவன் பாவிப்பதற்குக் காசு எங்கிருந்து வந்தது என்று.

நாங்கள் கடலில் போகிறவர்கள். ஈரான், பாகிஸ்தான் பக்கத்து மக்ரான் கரையிலிருந்து டோவ் (dhow) என்ற மரப் படகுகளில் வரும் தூளை ஆழ்கடலில் வைத்துப் பல நாள் படகுகளில் மாற்றுகிறார்கள். கடற்படை ஒரே படகில் நூற்றுக்கணக்கான கிலோ பிடித்த செய்திகள் எத்தனையோ வந்திருக்கின்றன. அந்தக் கிலோக்களின் முதலாளி ஒருவனையும் அநுராதபுரச் சந்தியில் ஆட்டோவை மறித்துப் பிடிக்க முடியாது. அங்கே அகப்படுவது உங்கள் தம்பி மாதிரி ஆட்கள்தான். அது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த 19 வயதுப் பிள்ளையின் கைக்குத் தூளைக் கொண்டு வந்து சேர்த்தது முதலாளி இல்லை, பக்கத்துத் தெருக்காரன். சட்டத்தரணியைப் பிடியுங்கள், அது உங்கள் கடமை. உண்மையையும் கேளுங்கள்.

பாலையூற்று அக்கா (செவ்வாய்க்கிழமை, தவணைக்கு முதல் நாள்)

எல்லோருக்கும் நன்றி. தோணி அண்ணா, எனக்குக் கோபம் இல்லை. நேற்று சிறைச்சாலையில் பார்க்க விட்டார்கள். கம்பி வலைக்கு இரண்டு பக்கமும் ஒரே சத்தம், பக்கத்தில் இருப்பவர் பேசுவதுதான் அதிகம் கேட்டது. நீங்கள் சொன்னபடி கண்ணைப் பார்த்துக் கேட்டேன். சரைகளில் இரண்டை ஹோட்டல் பக்கம் ஒருவனுக்குக் கொடுக்க வேண்டியிருந்ததாம், அப்படிக் கொடுத்தால் தனக்கு ஒன்று சும்மா கிடைக்குமாம். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். மூன்று மாதமாகவாம். நான் அங்கேயே அழுதுவிட்டேன். இதை இங்கே எழுதலாமா என்றும் தெரியவில்லை. ஆனால் உங்களிடம் பாதியை மறைத்துவிட்டு உதவி கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு பாதியும் இருக்கிறது. அவனைப் பிடித்துக் கொடுத்தது நான்.

அந்தச் செவ்வாய் காலை அம்மாவின் தோட்டைக் காணவில்லை. அப்பா திருவிழாவுக்கு வாங்கிக் கொடுத்த தோடு. அம்மாவுக்குப் பார்வை குறைவு, தலையணைக்குக் கீழே தடவிக்கொண்டே இருந்தார், "இங்கேதான் வைத்தேன் பிள்ளை" என்று. நான் கடைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு 119க்கு அடித்தேன். ஆட்டோ நம்பரைச் சொன்னேன். "பிடித்து எங்காவது மருந்து செய்கிற இடத்தில் சேர்த்துவிடுங்கள்" என்றேன். அந்தப் பக்கத்தில் இருந்தவர் சரி என்றார். கந்தக்காட்டு மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்புவார்கள், ஆறு மாதத்தில் திருந்தி வருவான் என்று நான் நினைத்தேன். 2 கிராம் என்பதும் 54ஏ என்பதும் எனக்கு எங்கே தெரியும்? அம்மாவுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. நேற்று கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று "அக்கா, லீசிங் கட்டினாயா?" என்று கேட்கிறான்.

ஓய்வுபெற்ற முதலியார் (பதில்)

தங்கச்சி, உங்கள் அழைப்பும் நீங்கள் நினைத்ததும் இரண்டு வேறு சட்டங்கள். மருந்து செய்கிற இடத்துக்கு அனுப்புவது 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம். போதைக்கு அடிமையானவர் தானாகப் போய்ச் சேரலாம். இல்லாவிட்டால் அரச வைத்தியரின் அறிக்கையோடு நீதவான் முன் கொண்டுவந்து, அவரின் உத்தரவின் பேரில் அனுப்பலாம். கந்தக்காடு, சேனபுர எல்லாம் அந்த வழியில் வருபவை. அதற்கு ஆரம்பம் 1927, அதாவது தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் தொலைபேசி இலக்கம். 119க்குச் சொன்னால் அவர்கள் போய்ச் சோதிப்பார்கள், கையில் பொருள் இருந்தால் அது குற்ற வழக்கு. இந்த வித்தியாசத்தை உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பதாகையில் எழுதி ஒவ்வொரு கிராம சேவகர் அலுவலகத்திலும் தொங்கவிட வேண்டிய விஷயம் இது. ஒன்றிலும் நான் கண்டதில்லை.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். வீட்டில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். சட்டத்தரணியிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பொலிஸின் அறிக்கையில் இந்தச் சோதனை எப்படி நடந்தது என்று எழுதியிருக்கும். தற்செயலாக மறித்தோம் என்று இருக்கலாம், தகவல் கிடைத்துப் போனோம் என்றும் இருக்கலாம். நீங்கள் அழைத்த நேரம், சொன்ன நம்பர், அவர்கள் எழுதிய கதை இவை ஒன்றோடொன்று பொருந்துகிறதா இல்லையா என்பது விசாரணையில் பெரிய கேள்வியாக வரலாம். அது தம்பிக்கு உதவலாம், உதவாமலும் போகலாம். எது என்று தீர்மானிப்பது சட்டத்தரணியின் வேலை. தெரியாமல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. போனில் அந்த அழைப்பின் பதிவு இருந்தால் அழிக்காதீர்கள்.

சரைகளைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள். இனி இங்கே அதைப் பற்றி எழுத வேண்டாம். எழுதியதையும் முடிந்தால் நீக்குங்கள். இது எல்லோரும் வாசிக்கும் இடம்.

கிண்ணியா உம்மா (பதில்)

மகள், நான் யாருக்கும் அழைக்கவில்லை. எனக்கும் ஒரு வருடமாகத் தெரியும். நகை போனபோதும் அழைக்கவில்லை, அவனுடைய வாப்பாவின் மோட்டார் சைக்கிள் போனபோதும் அழைக்கவில்லை. அவனை யாரோ ஒருவன் காட்டிக் கொடுத்துத்தான் பிடித்தார்கள். அவன் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முதலில் அவனை ஏசினேன். இப்போது ஏசுவதில்லை.

பாலையூற்று அக்கா (புதன்கிழமை மாலை)

நேற்று எழுதியதில் ஒரு பகுதியை நீக்கச் சொல்லி நிர்வாகிக்கு எழுதியிருக்கிறேன்.

இன்று காலை சட்ட உதவியில் ஒரு இளம் சட்டத்தரணி கிடைத்தார், பெண் பிள்ளை. கிராம சேவகர் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னார். 119ஐயும் சொன்னேன். ஒன்றும் பேசாமல் நேரத்தையும் என் போன் நம்பரையும் எழுதிக்கொண்டார். தராசுக் கடை பற்றிக் கேட்டார். தம்பி சொன்ன கடையை நான் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன், அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன்.

மறுபடியும் 14 நாள். ஆனால் அவர் எழுந்து பகுப்பாய்வு அறிக்கை எப்போது வரும் என்று கேட்டார், வைத்தியரிடம் காட்டவும் கேட்டார். நீதவான் காட்டும்படி சொன்னார். தம்பிக்கு நடுக்கம் நின்றுவிட்டது, மெலிந்து போயிருக்கிறான். தாதி அக்கா, ட்ரமடோலும் போட்டிருக்கிறான்.

அந்த மனிதன் திங்கட்கிழமை வந்தார். 1954 என்றதும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனார்.

அம்மா நேற்றிரவு கொஞ்சம் கஞ்சி குடித்தார். 1976ஐ இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். தோட்டைப் பற்றிக் கேட்கவில்லை. மற்றதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.